லேபிடம் விடுவதா, நாமே நிறம் திருத்துவதா?

டர்பனில் தைப்பூசக் காவடி முடிந்ததும் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான்: படங்களின் நிறத்தை, பிரிண்ட் போடும் போட்டோ லேப் தானாகத் திருத்தட்டுமா, நாமே திருத்திக் கொடுப்பதா?

வேலை: லேபிடம் விட்டால் ஒன்றுமில்லை. நாமே என்றால் ஒரு மாலை போய்விடும்.

செலவு: நாமே செய்தால் சோதனைப் பிரிண்டுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல்.

நிறம்: விஷயமே இங்கேதான். ஒரே நிறம் படம் முழுக்க நிறைந்திருந்தால், தானியங்கித் திருத்தம் அதைக் கோளாறு என்று நினைத்துக் குறைத்துவிடும். போன வருஷம் அத்தையின் மஞ்சள் சேலை வெளிறி, முகமும் நீலம் பாய்ந்து வந்தது. (அத்தை இன்னும் என்னைத்தான் திட்டுகிறார்.) நாமே திருத்தினால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். ஆனால் ஃபைலை எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற வழக்கமான நிற அமைப்பில் சேமியுங்கள்; அடோபி ஆர்ஜிபி (Adobe RGB) என்ற இன்னொரு நிற அமைப்பில் கொடுத்தால், அதைக் கவனிக்காத லேபில் நிறம் மங்கிவிடும். திரை வெளிச்சத்தையும் குறையுங்கள், இல்லாவிட்டால் பிரிண்ட் இருட்டாக வரும். அப்புறம், ‘திருத்தம் வேண்டாம்’ என்று லேபில் சொல்ல மறந்தால் செய்ததெல்லாம் வீண்.

பகல் வெளிச்சத்தில் எடுத்த நூறு ஆல்பப் படங்களா? லேபிடமே விடுங்கள். காவடி, மஞ்சள், குங்குமம், சுவரில் மாட்டும் பெரிய படம் என்றால் நானே திருத்துவேன். 4x6 அளவில் ஒன்று போட்டுப் பார்த்த பிறகுதான் பெரிதாகக் கொடுப்பேன்.