ஒட்டுவதா, உருக்குவதா, தைப்பதா?

துணி, காகிதம், வண்ணம், நூல் எல்லாவற்றையும் ஒரே பரப்பில் சேர்த்துக் கலைப்பொருள் செய்யப் புகுகிறவர்கள், 'எனக்குப் படம் வரைய வராதே' என்று கவலைப்படுவார்கள். வேலையில் இறங்கியதும் வரும் தலைவலி வேறு. எதை எதனோடு எப்படிப் பிணைப்பது? பசையால் ஒட்டலாம், இஸ்திரிச் சூட்டில் உருகும் பசைத்தாளை இடையில் வைத்து அழுத்தலாம், ஊசிநூலால் தைக்கலாம். சோதித்துப் பார்க்கப் பசை போதும், ஒழுங்கான வேலைக்குத் தையல் என்பது பரவலான எண்ணம். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது.

பசையின் பெருமை அதன் வேகம். 1912இல் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியைக் கான்வாஸில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக வைத்தார். பலவகைத் துண்டுகளை ஒட்டி உருவாக்கும் கொலாஜ் கலைக்கு அந்தப் படத்தை ஒரு தொடக்கமாகச் சொல்வார்கள். ஆனால் அவர் எடுத்தது கெட்டியான, நீரை உறிஞ்சாத துணி. மெல்லிய பருத்தியில் அதே வேலையைச் செய்து பாருங்கள். பசை இழை வழியே ஏறி மேல்பக்கம் வந்துவிடும். காய்ந்த பிறகு அந்த இடம் மட்டும் நிறம் கறுத்து, விறைத்து, ஓரத்தில் கறைபோல ஒரு கோடு நிற்கும். பசையைத் துணியில் பூசாமல் அடித்தளத்தில் மெல்லியதாகப் பூசி, துணியை அதன்மேல் படியவிட்டு, ஒட்டாத தாள் ஒன்றை மேலே வைத்துக் கனமான புத்தகத்தால் அழுத்தினால் இது பெரிதும் குறையும். அடித்தளமும் முக்கியம். சாதாரணத் தாள் ஈரம் பட்டதும் விரிந்து நெளிந்துவிடும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வண்ணத் தாள் ஓரளவு தாங்கும்.

பசைகளுக்குள்ளும் தேர்வு இருக்கிறது. வெள்ளைப் பசை (பிவிஏ) காகிதத்துக்கு நல்லது. துணிக்கு அக்ரிலிக் மீடியம் (அக்ரிலிக் வண்ணத்தோடு கலக்கும் நிறமில்லாத கூழ்) இன்னும் நல்லது: காய்ந்ததும் நிறமற்றுத் தெளியும், அதன்மேலேயே வண்ணம் பூசலாம். கோதுமை ஸ்டார்ச் பசையை நீர்விட்டு மறுபடி இளக்கலாம் என்பதால் பழைய காகிதங்களைப் பாதுகாப்பவர்கள் அதை விரும்புகிறார்கள்; பூச்சியும் பூஞ்சையும்கூட விரும்புகின்றன. உடனடியாக ஒட்டும் சூப்பர் க்ளூவைத் துணிப்பக்கமே கொண்டுவர வேண்டாம். பருத்தி, கம்பளி இழைகளில் பட்டால் அது வேகமாக இறுகி, தோலைச் சுடும் அளவுக்கு வெப்பம் வெளியிடும்.

சூட்டில் உருகும் பசைத்தாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெட்டிய துணியின் ஓரம் பிரியாது, ஈரம் இல்லாததால் தாள் நெளியாது; இந்த இரண்டுக்காகவே அதைக் கையில் வைத்திருக்கலாம். பசையோடு ஒட்டிவரும் பின்பக்கத் தாளில்தான் உருவத்தை வரைகிறோம் என்பதால் எல்லாம் இடவலம் மாறி வரும். எழுத்தை வெட்டுகிறவர்கள் கண்ணாடியில் தெரிவதுபோல வரைந்துகொள்ள வேண்டும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் துண்டு நகர்ந்துவிடும். நைலான் சுருங்கும், வெல்வெட்டின் மயிரிழை படுத்துவிடும். ஒருமுறை உருகிப் பிடித்த பின் சுத்தமாகப் பிரித்தெடுப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். தனி வழியாக அல்ல, தையலுக்கு முன் துண்டைப் பிடித்துவைக்கும் கையாளாகவே இதை நான் மதிக்கிறேன்.

ஊசிநூலுக்கு வருவோம். பிடிக்காவிட்டால் பிரித்துவிடலாம் என்ற ஒரே காரணத்துக்காகவே சோதனை செய்கிறவருக்கு நான் முதலில் ஊசியைக் கொடுப்பேன். பருத்தித் துணியில் நூலை உருவிவிட்டு லேசாக நீவினால் துளையும் மூடிக்கொள்ளும். காகிதத்தில் அந்தச் சலுகை இல்லை: துளை துளைதான். நெருக்கமாகத் தைத்தால் தபால்தலை ஓரம்போல அந்தக் கோட்டிலேயே கிழியும். இயந்திரத்தில் தைத்தால் தையல் நீளத்தை மூன்று, நான்கு மில்லிமீட்டருக்குக் கூட்டிவைத்து, தேய்ந்த பழைய ஊசியைப் போட வேண்டும்; காகிதம் ஊசியின் முனையை மழுக்கிவிடும். கையால் தைப்பவர் முதலில் துளைகளைக் குத்திக்கொண்டு பிறகு நூலைக் கோப்பது நல்லது. எம்பிராய்டரி நூலின் ஆறு புரியில் இரண்டைப் பிரித்தெடுத்தால் காகிதத்துக்குப் போதும்.

தடித்த கம்பளி நூல், சணல், மெல்லிய கம்பி ஆகியவற்றைப் பரப்பின் மேல் வளைத்துக் கிடத்தி, மெல்லிய நூலால் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கட்டிப் பிடிக்கும் தையல் ஒன்று உண்டு. அந்த வளைவுகளைப் பசையில் கொண்டுவர முயன்றால் சணல் பசையைக் குடித்துப் பிசுபிசுத்துப் போகும். இந்த ஓர் இடத்தில் போட்டியே கிடையாது.

தையலின் குறை நேரம். உள்ளங்கையளவு பரப்பை நிரப்பவே ஒரு மாலைப்பொழுது போய்விடும். வண்ணத்தோடும் அதற்குச் சற்றுச் சண்டை உண்டு. தடிமனாகப் பூசிய அக்ரிலிக்கில் ஊசி இழுத்துப் பிடிக்கும், துளையும் அப்படியே தெரியும். மெல்லிய பூச்சு, பிறகு தையல், தேவையானால் தையலின் மேல் மறுபடி வண்ணம் என்ற வரிசை எனக்கு ஒத்துவருகிறது. அமெரிக்க ஓவியர் ராஷன்பர்க் 1955இல் துண்டுத் துணிகளைத் தைத்துச் செய்த ஒரு மெத்தைவிரிப்பின் மேலேயே நேராக வண்ணத்தை அள்ளிப் பூசிச் சுவரில் நிறுத்தினார்; முன்பே தைத்த துணி எவ்வளவு வண்ணத்தையும் தாங்கும் என்பதற்கு அது போதும். வீட்டில் பெண்கள் வெட்டியும் தைத்தும் ஒட்டியும் செய்தவை பிக்காசோ போன்ற க்யூபிச ஓவியர்களுக்கு வெகுமுன்பே கொலாஜாக இருந்தன என்று 1970களின் இறுதியில் ஓவியர்கள் மிரியம் ஷாபிரோவும் மெலிசா மேயரும் வாதிட்டார்கள். கலை வரலாறு பசையைக் கொண்டாடிய அளவுக்கு ஊசியைக் கொண்டாடவில்லை என்ற கோபம் எனக்கும் உண்டு.

செய்யும் பொருள் எங்கே போகப்போகிறது என்பதும் தேர்வை மாற்றும். துவைக்க வேண்டிய பை என்றால் கைவினைப் பசையை மறந்துவிடலாம். பசைத்தாளும் ஓரத் தையலும் சேர்ந்தால்தான் நிற்கும். குறிப்பேட்டின் பக்கம் என்றால் பசையே சரி, தைத்தால் பின்பக்கம் வீணாகும். சுவரில் மாட்டுவதென்றால் முதலில் எல்லாத் துண்டுகளையும் நீளமாக நூலோட்டி நிறுத்தி, தள்ளி நின்று சில நாள் பாருங்கள். எது நகர வேண்டும் என்று தெரிந்த பிறகு எங்கே பசை, எங்கே தையல் என்று முடிவு செய்யலாம். கண்ணாடிச் சட்டம் போடுகிறீர்களானால் கண்ணாடிக்கும் வேலைக்கும் நடுவே இடைவெளி விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தடித்த நூல்கள் நசுங்கும், கண்ணாடியில் கோக்கும் ஈரமும் துணியில் இறங்கும்.