தெருவுல போட்டோ எடுக்குற கிளாஸ்: பாதி சூப்பர், மீதி கொட்டாவி

ரெண்டு நாள் ஆன்லைன் கிளாஸ், தெரியாதவங்கள பொது இடத்துல போட்டோ எடுக்குறது பத்தி. சட்டம் சொல்லிக் குடுத்த பகுதிக்காகவே காசு குடுக்கலாம், ஏன்னா எடுக்குறது வேற, அத வெளியிடுறது வேறன்னு எனக்கு அங்கதான் ஒழுங்கா மண்டைல ஏறுச்சு. ஜெர்மனில 1907 சட்டப்படி ஒருத்தர் முகம் தெரியுற படத்த வெளியிட பொதுவா அவங்க சம்மதம் வேணும், சில விதிவிலக்கு உண்டு. கனடாவுல, கியூபெக்ல ஒரு கட்டிட வாசப்படில சும்மா உக்காந்திருந்த 17 வயசு பொண்ண எடுத்து பத்திரிகைல போட்டுட்டாங்க, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1998ல பொண்ணு பக்கம் தீர்ப்பாச்சு, 2000 டாலர் நஷ்டஈடு. அமெரிக்கால பொது இடத்துல எடுக்க பெரும்பாலும் தடை இல்ல, ஆனா அதே படத்த விளம்பரத்துக்கு போட்டா மாட்டுவீங்க.

நாகரிகம் பத்தின பகுதி? "சிரிச்சுக்கிட்டே இருங்க"ன்னு அரை மணி நேரம், தூக்கம் வந்துருச்சு. ஆனா பிராக்டிஸ்ல ஒரு விஷயம் கத்துக்கிட்டேன். பெஞ்ச்ல தூங்குற ஒரு பெரியவர எடுத்தேன், முழிச்சு பாத்துட்டாரு, நான் ஓடாம கிட்ட போய் ஸ்கிரீன காட்டுனேன். "வாயப் பொளந்துட்டு இருக்கேன், அழிச்சிருப்பா"ன்னாரு. அழிச்சேன். அப்புறம் அவரே சட்டைக் காலர இழுத்து விட்டுட்டு "இப்ப எடு"ன்னாரு, அந்த படம் சுமார்தான்.

குழந்தைங்கள எடுக்குறது பத்தி ரெண்டே நிமிஷம் பேசுனாங்க, அதுதான் பெரிய குறை. 5க்கு 3 குடுக்குறேன்.