கதிர்வீச்சு ஸ்டிக்கருக்கு 15 வெள்ளி தண்டம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்), கைப்பேசிக் கதிர்வீச்சைத் தடுக்குமாம் என்று ஒரு தங்க நிற ஸ்டிக்கரை அம்மாவுக்காக 15 வெள்ளி கொடுத்து வாங்கினேன். ஒட்டிய பிறகும் சிக்னல் கோடுகள் அப்படியே நின்றன. அலையை முழுசாகத் தடுத்திருந்தால் அழைப்பே வந்திருக்காதே! சரி, பாதி தடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அப்போது கோபுரத்தை எட்ட போன் இன்னும் அதிக சக்தியோடு அல்லவா அனுப்பும். எஸ்டேட் உள்ளே சிக்னல் குறைந்த இடத்தில் பேட்டரி சீக்கிரம் இறங்குவதும் அதனால்தான். 2011-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு இந்த அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்தது உண்மை, ஆனால் எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் வலு இவற்றுக்கு இல்லை. இப்போது அம்மா போனைத் தலையிலிருந்து தள்ளி வைத்து ஸ்பீக்கரில் பேசுகிறார், காசு செலவில்லை. ஸ்டிக்கரின் பசை மட்டும் நல்ல தரம், உரிக்கவே முடியவில்லை.