கன்னியாவுக்கு வாளியும் துவாயும் கொண்டு போங்கள்

திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்குச் சின்ன வயசுக் களியாட்டம் என்றால் கன்னியா வெந்நீரூற்று, கோட்டை மான்கள், பின்னேரம் கடற்கரை. ராட்டினமோ சறுக்கு மரமோ தேவைப்பட்டதில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளையும் இந்தச் சுற்றுக்குத் தாராளமாகக் கூட்டிப் போகலாம். நேரம் பிசகினால்தான் களைப்பு மிஞ்சும்.

கன்னியா நகரிலிருந்து சுமார் 8 கிலோமீற்றர், அனுராதபுரம் றோட்டால் போய்க் கிளைப் பாதையில் திரும்ப வேண்டும். ஓட்டோவைக் காத்திருப்போடு சேர்த்துப் பேசி எடுங்கள், திரும்பி வர அங்கே நினைத்த நேரம் வண்டி கிடைக்காது. வாசலில் ரிக்கெற், சில்லறைக் காசு கையில் இருக்கட்டும்.

உள்ளே ஏழு சதுரக் கிணறுகள். இறங்கிக் குளிக்கும் இடமல்ல, அள்ளி ஊற்றும் இடம். கிணறுகள் ஆழமில்லாதவை, ஆட்கள் கூடி அள்ள அள்ள மட்டம் இறங்கி, அடிமண் கலங்கும். அதனால் காலை வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும், வார இறுதியும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாளும் தவிர்க்க வேண்டும். சொந்த வாளி இருந்தால் அடுத்தவர் முடிக்கும்வரை நிற்கத் தேவையில்லை. சவர்க்காரம், ஷாம்பு வேண்டாம்.

ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு சூடு. ஒன்று வெதுவெதுப்பு, இன்னொன்று முதல் வாளிக்கே தோளைச் சிலிர்க்க வைக்கும். எது கூடச் சூடு என்று பிள்ளைகள் சண்டை பிடிப்பதுதான் இங்கத்தைய விளையாட்டே. முதலில் கால், பிறகு முதுகு, கடைசியாகத் தலை என்று ஊற்றினால் உடம்பு பழகிக்கொள்ளும். கைக்குழந்தைக்கும் இருதய வருத்தக்காரருக்கும் வெதுவெதுப்பான கிணறே போதும். பக்கத்தில் எரிமலை எதுவும் இல்லை. ஆழத்துக்கு இறங்கிய மழைத்தண்ணீர் அங்கே சூடேறிப் பாறை வெடிப்புகளால் மேலே வருகிறது. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் ஏழிடத்தில் குத்தினான் என்ற கதையையும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். இறந்தவர்களுக்கான 31ஆம் நாள் கிரியைக்கு வருபவர்களும் அங்கே நிற்பார்கள், கூச்சல் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் கோயில் நடை சாத்திவிடும் என்பதால் கோணேஸ்வரத்தைப் பின்னேரத்துக்கு வையுங்கள். கோயிலுக்குப் பிரட்றிக் கோட்டை வாசலால் ஏறும்போதே மான்கள் வரும். பிஸ்கட் பைக்கற்றை அவிழ்க்காதீர்கள்: உறையோடு விழுங்கிவிடும், பிளாஸ்ரிக் வயிற்றில் தங்கும். மேலே இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவருகே காற்று பலம், தொப்பியும் கைபேசியும் பத்திரம். இறங்கி டச்சு வளைகுடாக் கரையில் இறால் வடை, கச்சான். இது கிழக்குக் கரை, கடலுக்குள் சூரியன் இறங்குவதைத் தேட வேண்டாம்.

புறாத்தீவுக்குத் தனி நாள் வேண்டும். 2003இல் தேசியப் பூங்காவானது, நிலாவெளியிலிருந்து படகு. படகுக்காரர் சொல்லும் தொகையோடு செலவு முடியாது. நுழைவுச் சீட்டு தலைக்கு, அதற்கு மேல் குழுவுக்கான சேவைக் கட்டணமும் வரியும். உள்ளூராருக்கும் வெளிநாட்டாருக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம், இலங்கை அடையாள அட்டை இருப்பவர்கள் மறக்காமல் எடுத்துப் போங்கள். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. மாரிக்காலத்தில், அதாவது நத்தார் விடுமுறைக்கு வருபவர்கள், கடல் கொந்தளிப்பதால் இதைக் கணக்கிலேயே எடுக்காமல் கன்னியாவுக்கு இன்னொரு முறை போகலாம். மழைக் குளிரில் அந்தத் தண்ணீர் இன்னும் சுகம்.