சேலத்துல அப்பாவோட கிடார விக்கப் போய் பெவிகால்ல மாட்டுன கதை

ஊருக்கு வந்து மூணு வாரம் ஓடிப்போச்சு. பேங்க்ல அப்பா அக்கவுண்ட்ட முடிச்சது, வீட்டு வரி பேரு மாத்துனது, அம்மாவுக்கு கண்ணுல புரை எடுத்தது எல்லாமே நம்ப முடியாத அளவுக்கு சட்டுனு நடந்துருச்சு, அதப்பத்தி எழுத ஒண்ணும் இல்ல. நான் எழுத உக்காந்தது ஒரு பெவிகால் டப்பாவ பத்தி.

சூரமங்கலம் வீட்ட காலி பண்றோம், அம்மா தம்பி கூட பெங்களூர் போறாங்க. பரண்ல இருந்து அப்பாவோட கிடார் இறங்குச்சு. எங்கப்பா அந்தக் காலத்துல லைட் மியூசிக் கோஷ்டில வாசிச்சவரு, ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு மேடை போட்டா அவர் இருப்பாரு, எனக்கு ஒரு ஸ்ட்ரிங் கூட தட்டத் தெரியாது. இந்தக் கிடார 1974ல ஏற்காட்டுல ஆஸ்திரேலியாவுக்கு குடும்பத்தோட கிளம்புன ஒரு ஆங்கிலோ இந்தியன் வாத்தியார்கிட்ட வாங்குனாராம், எவ்ளோ குடுத்தார்னு அம்மாவுக்கு இன்னைக்கும் தெரியாது, தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சண்டை வந்திருக்கும்.

சாதா கிடார் இல்லங்க இது. ஆர்ச்டாப். மேல் பலகை தட்டையா இருக்காது, வயலின் வயிறு மாதிரி மேடா வளைஞ்சு இருக்கும், நடுவுல வட்ட ஓட்டை கிடையாது, ரெண்டு பக்கமும் வயலின்ல இருக்கற அதே எஃப் வடிவ ஓட்டை. மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் சரியா இல்லாத காலத்துல ட்ரம்பெட்டு ட்ரம்ஸுக்கு நடுவுல கிடார் சத்தம் கேக்கணும்னு செஞ்ச ஜாதி, 1922ல கிப்சன் எல்-5 வந்ததுல இருந்து இந்த அமைப்பு பிரபலம். முக்கியமான விஷயம், இதுல பிரிட்ஜ், அதாவது ஸ்ட்ரிங்க தாங்கற மரக்கட்டை, ஒட்டியிருக்காது. ஸ்ட்ரிங் எல்லாம் கிடாரோட அடி விளிம்புல இருக்கற டெய்ல்பீஸ்ங்கற பிடில மாட்டி, பிரிட்ஜ் மேல ஏறிப் போகும், அந்த அழுத்தத்துலயே பிரிட்ஜ் நிக்கும். அத்தனை ஸ்ட்ரிங்கயும் ஒரே நேரத்துல கழட்டுனா பிரிட்ஜ் கையோட வந்துரும். இத மனசுல வச்சுக்கோங்க.

உள்ள எட்டிப் பாத்தா லேபிள்ல ஹாஃப்னர்னு இருந்துச்சு. போன்ல தேடுனேன், சிரிப்பு தாங்கல. நான் பதினொரு வருஷமா இருக்கறது ஜெர்மனில எர்லாங்கன். இந்தக் கம்பெனி 1887ல ஷோன்பாக்னு ஒரு ஊர்ல ஆரம்பிச்சது, இப்ப அது செக் நாட்டுல இருக்கு, ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு அங்கிருந்த ஜெர்மன்காரங்கள எல்லாம் வெளியேத்துனப்ப வாத்தியம் செய்றவங்க குடும்பம் குடும்பமா வந்து குடியேறுன கிராமம் பூபன்ராய்ட். எங்க வீட்ல இருந்து சைக்கிள்ல கால் மணி நேரம். பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி வச்சிருந்த வயலின் மாதிரி பேஸ் கிடாரும் இவங்க செஞ்சதுதான். ஞாயித்துக்கிழமை நான் வாக்கிங் போற ஊர்ல பொறந்த கிடாரு நான் பொறக்கறதுக்கு முன்னாடியே சேலம் பரண்ல வந்து படுத்திருக்கு.

அப்ப எடுத்துட்டுப் போக வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. அதுக்கு ஹார்ட் கேஸ் இல்ல, துணி உறைதான், ஏர்லைன்ஸ்காரன் வீசுற வீச்சுல கழுத்து உடைஞ்சுரும். இன்னொரு பயம் அதுல இருக்கற ரோஸ்வுட் மரம். நாடு விட்டு நாடு கொண்டு போறதுக்கு 2017ல மொத்த ரோஸ்வுட் ஜாதிக்கும் கெடுபிடி போட்டு, 2019 கடைசில இசைக்கருவிக்கு மட்டும் தளர்த்துனாங்க, ஆனா பிரேசில் ரோஸ்வுட்டுக்கு 1992ல போட்ட தடை அப்படியே இருக்கு, எங்க கிடார்ல இருக்கறது எந்த ரோஸ்வுட்னு கஸ்டம்ஸ் ஆபீசர் கேட்டா நான் என்னத்த சொல்றது. வித்துரலாம்னு முடிவு.

முதல்ல ஆன்லைன்ல போட்டேன். "லாஸ்ட் ப்ரைஸ்?" அவ்ளோதான் மெசேஜ், வணக்கம் கூட இல்ல. ஒருத்தர் பழைய பைக்க மாத்திக்கலாமான்னாரு. இன்னொருத்தர் பொமரேனியன் குட்டி தரேன்னாரு, போட்டோ வேற அனுப்புனாரு, நாய் அழகாத்தான் இருந்துச்சு.

சரின்னு ஒரு சனிக்கிழமை மியூசிக் கடைக்கு தூக்கிட்டுப் போனேன். எந்தக் கடைன்னு சொல்ல மாட்டேன், அந்த மனுசன் கெட்டவர் இல்ல, அதான் பிரச்சனையே. உள்ள போனதும் "உக்காருங்க சார்"னு ஃபேன திருப்பி விட்டாரு, டீ வந்துச்சு. ஜெர்மனில கடைக்காரன் நம்மள நிமிந்து பாத்தாலே அது வரவேற்பு. கிடார கையில வாங்கி திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"நடுவுல ஓட்டை இல்லீங்களே சார், சவுண்ட் எப்படி வரும்?"

நான் விளக்குனேன். தலையாட்டுனாரு. "பழசுங்க. எக்ஸ்சேஞ்ச்ல போட்டா மூவாயிரம் கழிச்சுக்கறேன், புதுசு ஒண்ணு எடுத்துக்கோங்க. வயர் போட்டு வால்யூம் கீ வச்சிருந்தா ஐநூறு சேத்துக் குடுக்கலாம்." நான் வேணாம்னேன். "சரி சார், விட்டுட்டுப் போங்க, எனக்குத் தெரிஞ்ச பார்ட்டி ஒருத்தர் இருக்காரு, ரெண்டு நாள்ல விலை கேட்டு சொல்றேன்." ரசீது கேட்டேன், சிரிச்சாரு. "கடை எங்கீங்க சார் ஓடிப்போகப் போகுது." பதினொரு வருஷம் எல்லாத்துக்கும் கையெழுத்து போட்டே பழகுன எனக்கு அந்த நிமிஷம் ஊர் மேல ஒரு பாசம் பொங்குச்சு பாருங்க, அப்படியே வெளிய வந்து தட்டுவடை செட் ரெண்டு பிளேட் சாப்ட்டு வீட்டுக்குப் போனேன். அங்கதான் ஏமாந்தேன்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒம்பதரைக்கு போன். (ஜெர்மனில ஞாயித்துக்கிழமை பால் பாக்கெட் வாங்கவே ஸ்டேஷனுக்குப் போகணும்.) "சார், ரெடிங்க, வந்து வாங்கிக்கோங்க." என்ன ரெடி? நான் எதுவும் ரெடி பண்ணச் சொல்லலியே? ஓடுனேன்.

கிடார் கண்ணாடி மேஜை மேல பளபளன்னு. எண்ணெய் மாதிரி எதையோ போட்டுத் தொடச்சு, புது ஸ்ட்ரிங் மாட்டி, தலைல ஹாஃப்னர் பேருக்கு மேலயே கடை ஸ்டிக்கர், போன் நம்பரோட. "பார்ட்டிகிட்ட காட்டணும்ல சார், அழுக்கா இருந்துச்சு. பழைய கம்பி எல்லாம் கழட்டுனா பிரிட்ஜு கையோட வந்துருச்சுங்க! எத்தனை வருஷமா கழண்டு கிடந்துச்சோ, நல்லவேளை நம்ம பையன் பாத்தான். பெவிகால் போட்டு கெட்டியா ஒட்டிட்டேன். இனி ஆடாது. இதுக்கு காசு வேணாம் சார்."

எனக்கு வாய் வரல. எப்படி ஒட்டுனீங்கன்னு கேட்டேன், பையன் ஆர்வமா ஓடிப்போய் ஒரு செங்கல எடுத்துட்டு வந்து காட்டுனான். தினசரி பேப்பர் சுத்துன செங்கல். "ராத்திரி முழுக்க இத மேல வச்சிருந்தேங்கண்ணா."

நல்லா யோசிச்சுப் பாருங்க. ஜெர்மனில இதே கிடார ஒரு லூத்தியர்கிட்ட, அதாவது கிடார் செஞ்சு ரிப்பேர் பாக்கறவன்கிட்ட குடுத்தா டெர்மின்னு அப்பாயின்ட்மென்ட்டே மூணு வாரம் கழிச்சுதான் தருவான், வந்தா பத்து நிமிஷம் பாத்துட்டு கோஸ்டன்ஃபோரான்ஷ்லாக்னு செலவு எஸ்டிமேட் எழுதித் தருவான், அதுல நான் கையெழுத்து போடாம ஒரு திருகாணி தொட மாட்டான், அந்த எஸ்டிமேட்டுக்கே காசு கேட்டாலும் கேப்பான். எனக்கு அவனுங்க மேல எத்தனை கடுப்பு இருந்திருக்கு! அன்னைக்கு ராத்திரி அந்த ஃபாரத்த நெனச்சு ஏங்குனேன். இங்க கேக்காமயே எல்லாம் செய்வாங்க, அதுவும் அன்பா, அதுவும் ஃப்ரீயா. கோபப்படவும் முடியல, அவர் என் முகத்தையே பாத்துட்டு நிக்கறாரு, பாராட்டுவேன்னு. "ரொம்ப தேங்க்ஸுங்க"ன்னு சொல்லிட்டு தூக்கிட்டு வந்துட்டேன். ஆமா, தேங்க்ஸ் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து போன்ல ட்யூனர் ஆப் போட்டுப் பாத்தா, சும்மா தட்டுனா ஸ்ருதி சரி, கழுத்துல குறுக்க பதிச்சிருக்கற பட்டைங்கள்ல (ஃப்ரெட்) பன்னெண்டாவதுல அமுக்குனா ஏறிப்போய் கத்துது. பிரிட்ஜ் இருக்க வேண்டிய இடத்துல இருந்து அரை இஞ்ச் கழுத்துப் பக்கம் தள்ளி ஒட்டியிருக்கான். அம்மா எட்டிப் பாத்துட்டு "நல்லா பளிச்சுனு இருக்குதே கண்ணு, அப்பா இருந்தப்ப கூட இப்படி இல்ல"ன்னாங்க.

தம்பியோட பழைய வயலின் மாஸ்டர் செகண்ட் அக்ரஹாரத்துல இருக்காரு, எண்பதத் தாண்டிட்டாரு. திங்கட்கிழமை காலைல அங்க போனேன். கிடார மடில வச்சு பிரிட்ஜ ஆட்டிப் பாத்தாரு, ஆடல. என்னைப் பாத்தாரு.

"குதிரைய எவன்டா ஒட்டுனது?"

வீணை வயலின்காரங்க பிரிட்ஜ குதிரைன்னுதான் சொல்லுவாங்க. அந்த ஒரு கேள்வில எனக்கு பாதி உசுரு வந்துச்சு. பெவிகால்னு சொன்னதும் "பொழச்ச. ஃபெவிக்விக் போட்டிருந்தா பலகையோட பேந்துக்கிட்டு வரும்"னாரு. அப்புறம் நடந்தது ரெண்டு மணி நேரம், எனக்கு நிமிஷம் நிமிஷமா ஞாபகம் இருக்கு. கம்பிய தளர்த்தி ஓரமா ஒதுக்கிட்டு, வெந்நீர்ல துணிய முக்கி இறுக்கிப் பிழிஞ்சு, குதிரையோட ரெண்டு காலச் சுத்தி மட்டும் ஒத்தடம். மேல வார்னிஷ்ல சூடு படாம சுத்தி காஞ்ச துணி. ஆறுனதும் மறுபடி. மாமி காபி குடுத்தாங்க. எட்டோ ஒம்பதோ தடவை ஆனப்புறம் பெவிகால் வெள்ளையா பால் மாதிரி பூத்து வந்துச்சு. "ஈரம் பட்டா இப்படித்தான் வெளுக்கும், இனி விட்டுரும்"னு சொல்லி, சாணை புடிச்சுத் தேஞ்ச ஒரு மெல்லிசு கத்திய உள்ள விட்டு, அவசரமே இல்லாம, ஒரு கால், அப்புறம் இன்னொரு கால். டக்குனு ஒரு சத்தம். எனக்கு வயிறு கலங்கிருச்சு. குதிரை அவர் உள்ளங்கைல இருந்துச்சு. பலகைக்கு ஒண்ணும் இல்ல, வார்னிஷ்ல மட்டும் கட்டை விரல் அகலத்துக்கு ரெண்டு மங்கல்.

வேலை செஞ்சுக்கிட்டே பழைய ஆசாரிங்க காய்ச்சுற வஜ்ஜிரம்ங்கற தோல் பசைய பத்தி சொன்னாரு. சூடும் ஈரமும் பட்டா அது விட்டுரும், அதனாலதான் வாத்தியத்துக்கு அத போடுவாங்களாம், பின்னால ரிப்பேருக்குத் திறக்கணுமே. எஃப் ஓட்டைல நடுவுல சின்னதா ரெண்டு வெட்டு இருக்குல்ல, அதுக்கு நேரா குதிரைய நிறுத்துனாரு, அப்புறம் என் போன் ட்யூனர வச்சு அப்படி இப்படி ஒரு நூல் நகத்தி, தடி கம்பி பக்கம் கொஞ்சம் பின்னால சாய்ச்சு, பன்னெண்டாவது ஃப்ரெட் சரியா வந்துச்சு.

எவ்ளோ மாஸ்டர்னு கேட்டேன். "பாத்து குடு"ன்னு சொல்லுவாருன்னு பயந்துட்டே இருந்தேன், ஊர்ல எனக்கு ஆகவே ஆகாத வார்த்தை அது. "ரெண்டு மணி நேரம். முன்னூறு"ன்னாரு. எர்லாங்கன்ல ரெண்டு மணி நேரம் கார் நிறுத்துன காசு.

வித்த கதைய சுருக்கமா சொல்லிர்றேன். ஏற்காட்டுல ஒரு எஸ்டேட்ல வேலை பாக்கற பையன், சர்ச் கொயர்ல வாசிக்கறவன், ஆன்லைன்ல பாத்துட்டு கூப்ட்டான். வணக்கம் சொன்ன ஒரே ஆளு. பழசு வாங்குறவங்க கேக்குற கேள்விய சரியா கேட்டான், கழுத்து நேரா இருக்கான்னு, உள்ள பலகைல விரிசல் இருக்கான்னு. அம்மாவும் ஏரிய பாக்கணும்னாங்க, நானே மேல கொண்டு போறேன்னுட்டேன். போனது மே மாசம், கோடை விழா நேரம். மாடர்ன் தியேட்டர்ஸ் ஆர்ச்ச தாண்டி அடிவாரம் போகவே மூச்சு முட்டிருச்சு, அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவும் காருக்குப் பின்னால காரு. வெயில்ல வண்டிய நிறுத்தி டீ குடிக்கலாம்னு டிரைவர் சொன்னாரு, நான் விடல, உள்ள வஜ்ஜிரம் போட்டிருந்தா இளகிடும்னு கிடார மடில கொழந்தை மாதிரி வச்சுக்கிட்டு ஏசிய என் பக்கம் திருப்பி வச்சிருந்தேன். அம்மா பின் சீட்ல இருந்து "உங்கப்பா என்னைய கூட இப்படி கூட்டிட்டு வந்ததில்ல"ன்னாங்க.

பையன் வராண்டால உக்காந்து கிடார்ல நாலஞ்சு கம்பிய சேத்து ஒரு கார்ட் வாசிச்சான். மழை வர மாதிரி இருந்துச்சு, சில்லுனு காத்து, அந்த சத்தம் தகர டப்பால தட்டுன மாதிரி ஆரம்பிச்சு அப்புறம் வேற எங்கயோ போச்சு. எனக்கு அதுக்கு மேல சொல்லத் தெரியாது. ரெண்டு மங்கல காட்டி நடந்தத அப்படியே சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான். நான் முப்பத்தஞ்சாயிரம் சொல்ல, அவன் இருபதுன்னான். இருபத்திரெண்டுல வந்து ரெண்டு பேரும் நின்னுட்டோம். அந்த நேரம் பாத்து அம்மா, "தம்பி, எஸ்டேட்ல மெளகு போடுவீங்களா?"

ஆக மொத்தம் இருபத்திரெண்டாயிரம் ஜிபேல, அஞ்சு கிலோ காபி கொட்டை, ரெண்டு கிலோ மெளகு. ஜெர்மனில இத மாதிரி கிடாருக்கு எழுநூறு யூரோ வரைக்கும் கேக்கறத நானே சந்தைல பாத்திருக்கேன், தெரியும், கணக்கு போட்டு மெசேஜ் அனுப்பாதீங்க. இருபத்திமூணு கிலோ லக்கேஜ்ல ஏழு கிலோ போனதுல பொண்டாட்டி கேட்ட கொலுசு டப்பா, மாம்பழ ஜாம், ரெண்டு எவர்சில்வர் குண்டா எல்லாம் அம்மாகிட்டயே நின்னுருச்சு.

பெங்களூர் ஏர்போர்ட்ல செக்யூரிட்டி லைன்ல நிக்கறப்ப போன் அடிச்சுது. கடைக்காரரு.

"சார், பார்ட்டி இப்ப வேணாங்கறாரு, மன்னிச்சுக்கோங்க. பிரிட்ஜு நிக்குதுங்களா?"

"நிக்குதுங்க."

"நிக்கும் சார். நான் ஒட்டுனதாச்சே."