ஏணி வைத்த டாய்லெட் சீட் வாங்கலாமா?

சின்னக் குழந்தைகளை டாய்லெட் பழக்கும் இதற்குக் கடையில் பெயர் பாட்டி (potty) சீட். பேரனை நீட்டிய காலில் உட்காரவைத்து "ஸ்ஸ்ஸ்" என்று பழக்கும் நிஜப் பாட்டிகள் சிரிப்பார்கள்.

பார்க்க அழகாக இருப்பது ஏணி மாடல்தான்: ஒரு சட்டம், ஒன்றிரண்டு படி, இரு கைப்பிடி, வெஸ்டர்ன் டாய்லெட் மேல் உட்காரும் வளையம். நம் பாத்ரூமில்தான் இது தடுமாறுகிறது. தரை எப்போதும் ஈரம், காலடி ரப்பர் வழுக்கும். நாம் கழுவுவது தண்ணீரில். வளையத்துக்கும் ஏணிக்கும் நடுவே கை நுழைய இடமில்லாததால், ஆய் போன குழந்தையைக் கழுவாமலே இறக்க வேண்டும், படியெல்லாம் அப்பிக்கொள்ளும். அடுத்து வருபவர் மொத்தத்தையும் தூக்கி ஓரம் வைக்க வேண்டும். சதுர வடிவ டாய்லெட்டில் வளையம் ஆடும். வாங்கியே தீருவதென்றால், மாட்டியதும் இரு கையாலும் பக்கவாட்டில் திருகிப் பாருங்கள். அசைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முதலில் வாங்க வேண்டியது தரையில் வைக்கும், ஒரே வார்ப்பிலான பிளாஸ்டிக் பாட்டி. உட்கார்ந்தால் இரு பாதமும் தரையில் பதிய வேண்டும், முட்டி இடுப்பைவிடச் சற்று மேலே நிற்க வேண்டும். கால் தொங்கினால் முக்க வராது. வராததை அடக்கி அடக்கி மலம் இறுகும், அடுத்த முறை வலிக்கும், பிறகு பாட்டியைக் கண்டாலே ஓட்டம்தான். பையன்களுக்கு முன்புறத் தடுப்பு வேண்டும், ஆனால் உயரமாக வேண்டாம். ஏறும்போது இடித்துக்கொண்டால் அன்றோடு சரி. குஷன் தைத்தது வேண்டவே வேண்டாம். தையல் வழியே மூச்சா உள்ளே இறங்கிவிட்டால் எந்த சோப்புக்கும் நாற்றம் போகாது.

உட்காரவைக்கும் முன் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள், ஆய் ஒட்டாது. சாப்பிட்டு 20 முதல் 30 நிமிடத்துக்குள் குடல் தானாக அசையும். அப்போது 5 நிமிடம் உட்காரவைத்தால் போதும். பகலில் 2 மணி நேரம் ஜட்டி நனையாமல் இருக்கும் குழந்தைக்குத்தான் இதெல்லாம். பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குப் பிறகே அது வரும். இரவில் நனைப்பது நிற்க இன்னும் நாளாகும். அதற்காகப் பாட்டியைக் குறை சொல்ல வேண்டாம்.

பழகிய பின் டாய்லெட்டுக்கு மாற்ற, வெறும் வளையமும் காலடியில் கனமான ஸ்டூலும் போதும். மடக்கு வளையம் பயணத்துக்கு மட்டும். மடிப்பு தொடையைக் கவ்வும்.

நனைந்தால் பாட்டுப் பாடும் மாடலும் இருக்கிறது. மூச்சா போகாமலே மக் தண்ணீரை ஊற்றிப் பாடவைக்கக் குழந்தைக்கு இரண்டு நாள் போதும்.