பழைய வெப்லி ரிவால்வருக்குப் பாலிஸ்டால் எண்ணெய்: கோலாலம்பூர் ஈரத்துக்கு ஆகுமா?

ஆகும், சொட்டுக் கணக்கில் பூசினால். 1904ல் ஜெர்மனியில் வந்த இந்த எண்ணெய் இரும்பு, மரம், தோல் மூன்றுக்கும் ஒத்துப்போகும். சோம்பு ஊறிப் புளித்தது போன்ற வாடைதான் சிலருக்குப் பிடிக்காது.

பாயின்ட் 38 அளவு வெப்லி மார்க் 4 என்ற பழைய பிரிட்டிஷ் ரிவால்வரை வைத்திருப்பவர்கள் இதை வாங்க முக்கியக் காரணம் ஒன்று உண்டு. பழைய ராணுவத் தோட்டாவின் பிரைமரில் (அடியில் தீப்பொறி தரும் சிறு மூடி) பொட்டாசியம் குளோரேட் இருந்தால், சுட்டபின் துப்பாக்கிக் குழாயில் உப்பு படிந்து ஈரத்தை இழுக்கும். வெறும் எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். பாலிஸ்டால் தண்ணீரோடு சேர்ந்து பால்போல் வெளுத்துக் கலந்துவிடும். ஒரு பங்கு எண்ணெய்க்குப் பத்துப் பங்கு தண்ணீர் போதும். அதில் நனைத்த துணியைக் குழாயிலும் உருளையில் தோட்டா நுழையும் ஆறு அறைகளிலும் ஓட்டி, நன்றாகத் துடைத்து, காய்ந்தபின் தனி எண்ணெயை மெல்லப் பூச வேண்டும்.

துடைக்கும் முன் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். வெப்லி நடுவில் மடிந்து திறப்பதால் தூரிகையைப் பின்பக்கமாகவே நுழைக்கலாம், குழாயின் வாய் விளிம்பு தேயாது. திறக்கும்போது வெற்றுக் கூடுகளைத் தூக்கித் தள்ளும் நட்சத்திரத் தகடு எழும்பும். அதன் அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்று ஒட்டினாலே தகடு சரியாக அமராது, உருளை இறுகிச் சுழலாது. பழைய பல்துலக்கியால் அங்கே தேய்த்துவிட்டு, எண்ணெயே தெரியாத அளவுக்குத் துடையுங்கள். மிஞ்சிய எண்ணெய் தோட்டாவின் பிரைமருக்குள் கசிந்தால் தோட்டா வெடிக்காமல் போகலாம்.

நிக்கல் பூசிய துப்பாக்கியை இதில் ஊறப் போடாதீர்கள். பூச்சின் அடியில் செம்பு இருந்தால் எண்ணெய் அதை அரித்துப் பூச்சை உரித்துவிடும். துடைத்த துணியில் பச்சை தெரிந்தால் செம்பு கரைகிறது என்று அர்த்தம்.

சுடுவதற்குப் பாயின்ட் 38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தோட்டா மட்டுமே. பாயின்ட் 38 ஸ்பெஷல் வேறு தோட்டா, அதற்கு நீளமும் அழுத்தமும் அதிகம். அது நுழையும்படி யாராவது அறையைக் குடைந்திருந்தால் அந்த ரிவால்வரைக் காட்சிக்கு வையுங்கள், சுட வேண்டாம்.

ஏர்கோன் அறையிலிருந்து வெளியே எடுத்தால் குளிர்ந்த எஃகு வியர்க்கும். பெட்டியிலேயே வைத்து, வெளிச்சூடு ஏறியபின் திறந்து துடையுங்கள். தோல் உறையில் வைத்துப் பூட்டுவது பெரிய தவறு. தோலில் தங்கும் ஈரமும் பதனிட்ட அமிலமும் எஃகின் மேலுள்ள நீலப் பூச்சைத் தின்றுவிடும்.

ஸ்பிரே டின்னை விடப் போத்தலே நல்லது, அளவு கைக்குள் இருக்கும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், ஆனால் மாதக்கணக்கில் காக்காது. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்ற துப்பாக்கியைப் பூட்டிவைக்கும் பெட்டிக்குள், ஈரத்தை உறிஞ்சும் ஆரஞ்சு சிலிக்கா மணிகளைப் போடுங்கள். பச்சையானால் அடுப்பில் உலர்த்தித் திரும்ப வைக்கலாம்.